நிரூபிக்க முடியாவிட்டால் புகார் கொடுத்தவருக்குத் தண்டனையா?

"தொழிற்சங்க நிர்வாகி மேல் பாலியல் புகார் கொடுத்து, நிரூபிக்க முடியாவிட்டால் அந்தப் பெண்ணுக்கே தண்டனை, சங்கத்துக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பிரிவு 14 தெளிவாகவே சொல்கிறது: நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே நடவடிக்கைக்குக் காரணமாகாது. தீய நோக்கத்தோடு கொடுத்த பொய்ப்புகார் என்பது முறைப்படி நடக்கும் விசாரணையில் உறுதியாக வேண்டும். பயமுறுத்துபவர்கள் இந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

நிர்வாகியும் அதே நிறுவனத் தொழிலாளிதானே? அப்படியானால் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவுக்கே போகலாம், சங்கத்தின் அனுமதி தேவையில்லை. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. பொதுவாக, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். அப்புறம், விசாரணை முடியும்வரை புகார் கொடுத்த பெண் இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ எழுத்தில் கேட்கலாம்.