பின் ஆக்சில் ஆயிலும், எந்த நாட்டு டிராக்டர் என்ற கேள்வியும்

டிரைன் பிளக்கைக் கழற்றியதும் கீழே வைத்திருந்த சட்டியில் விழுந்தது ஆயில் மாதிரியே இல்லை. பால் காபி நிறம். மெக்கானிக் அண்ணன் இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தண்ணி போயிருக்கு தம்பி. எத்தனை நாளா இப்படி ஓட்டுன?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. சம்பாவுக்குச் சேறடிக்க ஆரம்பித்து இருபது நாள் ஆகியிருந்தது. பிரித்துப் பார்த்தால் ஆக்சிலில் கோரையும் வைக்கோல் தும்பும் கயிறு திரித்த மாதிரி இறுகச் சுற்றியிருக்கிறது. சுற்றிச் சுற்றியே, ஆயில் வெளியே வராமலும் தண்ணீர் உள்ளே போகாமலும் தடுக்கும் சீலின் ரப்பர் உதட்டை அறுத்துவிட்டது. சீல் விலை சில நூறு ரூபாய். அதனால் போனது பேரிங், பிரேக், ஒரு சம்பா பருவத்து வாடகை.

ஷோரூமில் போய்ச் சொன்னேன். "கேஜ் வீல் போட்டு ஓட்டினா வாரண்டி கிடையாது சார்" என்றார்கள். திருவாரூர் மாவட்டத்தில் நெல் வயலைத் தவிர வேறென்ன இருக்கிறது? கேஜ் வீல் என்பது சேற்றில் புதையாமல் இருக்க மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம். அதைப் போடாமல் களிமண் சேற்றில் எப்படி இறங்குவது? வண்டியை விற்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை. "வெளிநாட்டு டெக்னாலஜி, பேரைச் சொன்னாலே போதும்" என்றுதான் சொன்னார்கள். கம்பெனி பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அன்றிலிருந்து "எந்த நாட்டு டிராக்டர் நல்லது?" என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தச் சட்டிதான் ஞாபகம் வருகிறது.

போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஜப்பானா, அமெரிக்காவா, நம்ம நாடா என்று. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் ஒரு விஷயம். நாம் நாடு பிரித்துப் பேசும் வண்டிகள் எல்லாம் கலப்பு ரத்தம். எங்கள் அப்பா காலத்திலிருந்து டெல்டாவில் மாஸி பெர்குசன் என்றால் சென்னை வண்டி. ஆனால் அதன் வேர் இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் இருக்கிறது. அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் கண்டுபிடித்த மூன்று புள்ளி இணைப்பும் ஹைட்ராலிக் லிப்டும்தான் இன்று எந்த நாட்டு டிராக்டரின் பின்பக்கத்தைப் பார்த்தாலும் இருப்பது. 1946 முதல் 1956 வரை அவருடைய டிஇ20 மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அந்த வழியில் வந்த 35 மாடல்தான் பிறகு நம் ஊரில் 1035 ஆனது. 1960-ல் லைசென்ஸ் வாங்கித் தொடங்கிய சென்னைக் கம்பெனி டாஃபே, 2025-ல் இந்தியாவில் மாஸி பெர்குசன் என்ற பெயரையே சொந்தமாக்கிக்கொண்டது. இப்போது சொல்லுங்கள், மாஸி எந்த நாட்டு வண்டி?

மஹிந்திரா 1963-ல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து ஆரம்பித்தது. எஸ்கார்ட்ஸ் போலந்தின் உர்சுஸில் தொடங்கி, ஃபோர்டோடு கூட்டு வைத்து, 2022-ல் ஜப்பான் குபோட்டாவின் கைக்குப் போய்விட்டது. புனேயில் செய்யும் ஜான் டீர் வண்டிகள் அமெரிக்காவுக்கே கப்பல் ஏறுகின்றன. துர்காபூர் ஆய்வகத்தில் நம் பொறியாளர்களே வரைந்து, மொஹாலியில் 1974 முதல் வெளிவந்த ஸ்வராஜ் ஒன்றைத்தான் முழுக்க இந்திய ரத்தம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். எனக்கு அந்த வண்டி மேல் தனி மரியாதை உண்டு.

அப்படியானால் நாட்டுக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அந்த வண்டியை வரைந்தவன் எந்த மண்ணைப் பார்த்து வரைந்தான் என்பதில் இருக்கிறது.

கோவென்ட்ரிக்காரன் பார்த்தது கோதுமைக் காடு. பஞ்சாப்காரனும் முதலில் அதைத்தான் பார்த்தான். புழுதியில் ஐந்து கொத்துக் கலப்பையை இழுப்பதற்கு வண்டிக்கு எடை வேண்டும். எடை இருந்தால்தான் பின் டயர் பிடிக்கும். அதே எடை சேற்றில் எதிரி. நடுவயலில் புதைந்த வண்டியை இன்னொரு வண்டி வைத்து இழுத்தவர்களுக்கு இது தெரியும். ஜப்பான்காரன் பார்த்தது சின்னச் சின்ன நெல் வயல். 45 எச்.பி. உள்ள குபோட்டா எல்4508, ஃபோர் வீல் டிரைவோடு சேர்த்தே 1,400 கிலோவுக்கும் குறைவு. அதே திறனுள்ள இந்திய வண்டிகள் பெரும்பாலும் 1,800 கிலோவைத் தொடும். முன் சக்கரத்துக்குப் போகும் சக்தியை வெளியே தெரியும் ஜாயிண்ட் வழியாக அனுப்பாமல், மூடிய ஹவுசிங்குக்குள் பெவல் கியர் (சாய்வுப் பல் சக்கரம்) வைத்து அனுப்புகிறார்கள். கோரை சுற்றுவதற்கு இடமே இல்லை. என் வண்டியில் சீல் போன கதையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர்கள் முழங்கால் சேற்றில் நின்று யோசித்திருக்கிறார்கள் என்பது புரியும்.

ஆனால் அதே ஜப்பான் வண்டியில் நெல் மூட்டை ஏற்றிய டிரைலரை மாட்டி, ஆற்றுப் பாலத்து மேட்டில் ஏற்றிப் பாருங்கள். டிரைலர் வண்டியைப் பின்னால் இழுக்கும். எடை இல்லை. நம் ஊரில் டிராக்டர் சம்பாதிப்பதில் பாதி ரோட்டில்தான். உழவுக்கு ஒரு வண்டி, லோடுக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? லோடே பிரதானம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு கனமான இந்திய வண்டியைத்தான் சொல்வேன்.

ஜெர்மனியின் ஃபெண்ட் 1995-லேயே கியர் மாற்றும் வேலையே இல்லாத வண்டியைக் கொண்டுவந்தது. தரத்தில் உச்சம், மறுப்பே இல்லை. நம் வயலுக்கும் பணப் பைக்கும் அது பொருந்தாது, அதனால் விட்டுவிடுகிறேன்.

தரத்துக்கு இன்னொரு பாதி உண்டு. அது ஃபேக்டரியில் இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருக்கிறது. என் மாமாவிடம் எச்எம்டி ஜீட்டர் 2511 இருந்தது. செக்கோஸ்லோவாக்கியா டிசைன், 1971 முதல் பிஞ்சோரில் செய்தது, இரண்டு சிலிண்டர். அதன் இரும்பைப் பார்த்தால் இன்றைக்கும் கைதட்டத் தோன்றும். 2016-ல் எச்எம்டி டிராக்டர் ஃபேக்டரியை மூடினார்கள். அதற்குப் பிறகு ஒரு சின்ன கியருக்காக மாமா மூன்று மாவட்டம் அலைந்தார். கடைசியில் வண்டியை எடைக்குப் போட்டார். வண்டி கெடவில்லை, அதைத் தாங்கிய கம்பெனி போய்விட்டது.

அமெரிக்க விவசாயிகளுக்கு இந்தக் கஷ்டம் வேறு மாதிரி வந்திருக்கிறது. பெரிய ஜான் டீர் வண்டிகளில் கோளாறு வந்தால் கம்பெனி சாஃப்ட்வேர் இல்லாமல் சரிசெய்ய முடியவில்லை என்று பல வருடமாகப் போராடுகிறார்கள். விவசாயிகளே பழுதுபார்க்கும் உரிமைக்காகக் கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டமே போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் அந்தக் கம்பெனி மேல் வழக்குத் தொடுத்தது. இது நமக்கு எட்டாத சண்டை என்று நினைக்க வேண்டாம். புகை விதிகள் காரணமாக 2023 ஜனவரி முதல் 50 எச்.பி.க்கு மேல் வரும் வண்டிகளுக்கு டிரெம் 4 என்ற புதிய புகைத் தரம் வந்துவிட்டது. எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன், சென்சார் எல்லாம் வந்தாயிற்று. ஸ்பேனரும் காதும் மட்டும் வைத்து நோய் கண்டுபிடிக்கும் எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு அந்தக் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை யார் தருவார்கள்? 50-க்கு மேல் வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

சரி, விற்பவன் பேச்சை நம்பாமல் எதை நம்புவது? இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஃபோர்டு என்ற பெயரில் ஒரு டிராக்டர் வந்தது. அந்த ஃபோர்டு ஹென்றி ஃபோர்டு இல்லை, பெயருக்காகவே சேர்த்துக்கொண்ட இன்னொரு ஆள். நெப்ராஸ்காவில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி அதை வாங்கி நொந்துபோனார். பிறகு சட்டமன்றத்துக்குப் போய், சோதித்துப் பார்க்காத டிராக்டரை எங்கள் மாநிலத்தில் விற்கக் கூடாது என்று 1919-ல் சட்டம் கொண்டுவந்தார். நெப்ராஸ்கா டிராக்டர் டெஸ்ட் என்று உலகம் மதிக்கும் சோதனை அப்படித்தான் பிறந்தது.

நமக்கும் அது இருக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் 1955-ல் தொடங்கிய மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. அவர்கள் டெஸ்ட் ரிப்போர்ட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பிடிஓவில், அதாவது பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டில், உண்மையில் எத்தனை எச்.பி. கிடைத்தது, மணிக்கு எத்தனை லிட்டர் டீசல், லிப்ட் எவ்வளவு தூக்கியது, எல்லாம் எண்ணாக இருக்கும். அதைவிட முக்கியம், சேற்றுழவில் ஓட்டிப் பார்த்து, சேறோ தண்ணீரோ உள்ளே புகுந்ததா என்பதையும் பதிகிறார்கள். அந்த ஒரு வரியை வாங்குவதற்கு முன் நான் படித்திருக்க வேண்டும்.

வரும் ஆடியில் மச்சான் வண்டி எடுக்கப் போகிறார். மூன்று மாடலின் புத்னி ரிப்போர்ட்டை எடுத்து வைத்திருக்கிறோம். அதில் ஒரு மாடலை நன்னிலம் பக்கம் ஒருவர் மூன்று சம்பாவாகக் கேஜ் வீல் போட்டு ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டோம். அடுத்த தடவை பின் ஆக்சில் ஆயில் மாற்றும்போது எங்களைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறோம். சட்டியையும் நாங்களே கொண்டு போகிறோம்.