முதலீட்டு வங்கித் தலைவரின் சம்பளத்துக்கும் பூட்டு வேண்டும்

பேராக்கில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பேங்க் வேலை என்றால் கவுண்டரில் உட்கார்ந்து காசு எண்ணுவது என்றுதான் இன்னமும் பலர் நினைக்கிறார்கள். முதலீட்டு வங்கி வேறு ரகம். அரசுக்கும் கம்பெனிக்கும் கடன்பத்திரம் விற்றுக் கொடுக்கும், ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்க விலை பேசிக் கொடுக்கும். அதற்கான கட்டணம்தான் அதன் பிழைப்பு.

அந்தத் தலைவர் நாற்காலி பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத்தான் என்று தயவுசெய்து நம் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். 2006 முதல் 2018 வரை கோல்ட்மேன் சாக்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கியை நடத்திய லாய்ட் பிளாங்க்ஃபைன், புரூக்ளினில் அரசாங்க அடுக்குமாடியில் வளர்ந்தவர். அப்பா தபால் ஊழியர். 1982இல் கோல்ட்மேனின் ஒரு கிளை நிறுவனத்தில் தங்கம் விற்கும் வேலைக்குச் சேர்ந்தவர், தலைவராக 24 வருஷம் பிடித்தது. அனலிஸ்ட், அசோசியேட், வைஸ் பிரசிடன்ட், மேனேஜிங் டைரக்டர், பிறகு ஒரு பிரிவின் தலைமை. படி இதுதான். (வைஸ் பிரசிடன்ட் என்றதும் துணைத் தலைவர் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய வங்கியில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.)

கீழ்ப்படியில் கணக்கு பிசகாமல் போட்டால் போதும். மேலே போகப் போக, எவ்வளவு வருமானம் கொண்டுவந்தாய் என்பதே கேள்வி. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பல நூறு கோடி டாலர் களவுபோன மலேசிய அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியை எடுத்துக்கொள்ளுங்கள். 2012, 2013இல் கோல்ட்மேன் மூன்று தடவையாக விற்றுக் கொடுத்த பத்திரம் 650 கோடி டாலர். எடுத்துக்கொண்டது சுமார் 60 கோடி டாலர். நூறு வெள்ளி கடன் வாங்கித் தர ஒன்பது வெள்ளிக்கு மேல்! இப்படிப்பட்ட பத்திரத்துக்கு வழக்கமாக வாங்குவது இதில் ஒரு சின்னப் பங்குதான். அந்த ஒரு எண்ணே மேலே இருந்தவர்களை உலுக்கியிருக்க வேண்டும். அந்தக் களவுக்கு மூளை என்று குற்றம் சாட்டப்பட்ட வியாபாரி ஜோ லோவை வாடிக்கையாளராகச் சேர்க்க அதே வங்கியின் விதிமுறைப் பிரிவு மறுத்திருந்தது. இந்த வியாபாரத்திலும் அவர் கை இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தபோது, வியாபாரத்தைக் கொண்டுவந்தவர்களையே கேட்டார்கள். இல்லை என்றார்கள். அதோடு விட்டுவிட்டார்கள்.

2020இல் இந்த விவகாரத்தைத் தீர்க்க கோல்ட்மேனுக்கும் மலேசியாவுக்கும் 390 கோடி டாலருக்கு உடன்பாடு ஆனது. அதில் ரொக்கம் 250 கோடி, மிச்சம், களவுபோன சொத்தில் அவ்வளவு மீண்டு வரும் என்ற உத்தரவாதம். அந்த வருஷம் தலைவர் டேவிட் சாலமனின் சம்பளத்தில் 1 கோடி டாலர் வெட்டினார்கள். அதற்குப் பிறகும் அவருக்குக் கிடைத்தது 1 கோடியே 75 லட்சம் டாலர்.

இவர்கள் சம்பளத்தில் பெரும்பகுதி வங்கிப் பங்காக வரும். பெரும்பாலும் மூன்று நான்கு வருஷத்தில் கைக்கு வந்துவிடும். 1எம்டிபி கணக்கு தீர ஏழு வருஷம் ஆனதே! ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அம்மாவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் பெரும்பகுதி 55 வயது வரை பூட்டிக் கிடக்கிறது. அவர் யாருக்கும் நஷ்டம் வைத்ததில்லை. வங்கித் தலைவரின் பங்குக்குப் பத்து வருஷப் பூட்டு போட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதவியை விட்டுப் போனாலும் அந்தப் பூட்டு திறக்கக் கூடாது. 2020இல் தண்டம் வந்து விழுந்தபோது, அந்தப் பத்திரங்கள் விற்ற காலத்தில் தலைவராக இருந்த பிளாங்க்ஃபைன் பதவியை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.