இரண்டு ஏக்கருக்குள் ஒரு சாகுபடி

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர் ஒருவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. 1970-71இல் 2.28 ஹெக்டேராக இருந்த இந்தியச் சராசரியும் 1.08க்கு இறங்கிவிட்டது. இந்த எண்களைக் காட்டி, சிறு நிலங்களையெல்லாம் பெரும் பண்ணைகளாக்கினால்தான் விளைச்சல் பெருகும் என்று சொல்வோர் கூடிவருகிறார்கள். அதில் பாதிதான் சரி.

நிலம் சிறுக்கச் சிறுக்க ஏக்கர் விளைச்சல் கூடுகிறது என்பதை, 1950களின் பண்ணை மேலாண்மை ஆய்வுகளைக் கொண்டு 1962இலேயே பொருளியலாளர் அமர்த்தியா சென் எழுதினார். சொந்த வீட்டு ஆட்களே இறங்கி உழைக்கும் நிலத்தில் கூலிக் கணக்கு குறுக்கே நிற்பதில்லை என்பதே அவர் காட்டிய காரணம். உரமும் எந்திரமும் பெருகிய பிறகு அந்த வேறுபாடு பல பகுதிகளில் சுருங்கியது உண்மைதான். ஆனாலும் மதுரைப் பக்கம் அரை ஏக்கரில் மல்லிகை வைத்து, வெயில் ஏறுவதற்குள் மொட்டுப் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் குடும்பம் அந்த நிலத்திலிருந்து எடுப்பதை, ஆள் வைத்துப் பார்க்கும் பெரும் பண்ணைக்காரர் எடுத்துவிட முடியாது. அவர் தென்னையோ சவுக்கோ வைப்பார். ஆள் தேவை குறைவு என்பதே அந்தத் தேர்வுக்குக் காரணம்.

சிக்கல் அளவில் மட்டும் இல்லை, பிரிவினையில் இருக்கிறது. மூன்று அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது ஒவ்வொருவர் பங்கும் வாய்க்காலைத் தொட வேண்டும் என்பதால் வயலை நீளவாக்கில் கீறுகிறார்கள். புதிதாக இரண்டு வரப்பு போட இடம் போகிறது. அறுவடை எந்திரம் திரும்ப இடமில்லாத நாடா போன்ற வயல் மிஞ்சுகிறது. கிணறு பொது, மின் இணைப்பு ஒருவர் பெயரில், பட்டாவோ கூட்டுப் பட்டா. ஒருவர் வெளியூர் போய்விட்டால் அவர் பங்கு தரிசாகிச் சீமைக் கருவேலம் ஏறுகிறது. ஏக்கருக்கு நன்றாக விளைந்தாலும் மொத்த வருமானம் குடும்பத்துக்குப் போதாதபோது, நிலத்தை விட்டு நகர்ந்தவரை யார் குறை சொல்ல முடியும்?

அந்தத் தரிசைப் பக்கத்து வயல்காரருக்குக் குத்தகைக்கு விடலாமே என்றால், உரிமையாளர் தயங்குகிறார். 1955ஆம் ஆண்டின் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வெளியேற்றத்திலிருந்து உழுபவரைக் காக்கவே வந்தது, அதன் தேவையும் நியாயமானது. ஆனால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தில் இன்று பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே குத்தகை நடக்கிறது. விளைவாக, உழுபவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பயிர்க்கடனும் இழப்பீடும் அவர் கைக்கு எளிதில் வருவதில்லை.

நிலத்தை ஒருவர் கையில் குவிப்பதைவிட, உரிமைக்கும் குத்தகைக்கும் ஒருசேரப் பாதுகாப்புத் தரும் குறுகிய கால எழுத்துக் குத்தகையும், பங்காளிகள் வரப்பை எடுத்துவிட்டுச் சேர்ந்து உழுவதற்கான ஏற்பாடும்தான் முதலில் வேண்டும். ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நில உச்சவரம்பை 1970இல் 30 தரநிலை ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) 15ஆகக் குறைத்த மாநிலம் இது. அந்த வரம்பைத் தளர்த்தும் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.