காரணத்தை எழுத்தில் கேளுங்கள், பிள்ளைகளே

கொழும்பில் பாடசாலைப் பேச்சுப் போட்டி என்றால் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியின் கதை வராமல் இருக்காது. 1967 ஏப்ரல் 28இல் ஹூஸ்டனில் படையில் சேர மறுத்தது, பட்டம் பறிபோனது, ஐந்து வருடச் சிறை, 10,000 டொலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது எல்லாவற்றையும் பிள்ளைகள் உணர்ச்சியோடு சொல்வார்கள். கைதட்டலும் விழும். அந்த வழக்கில் அவர் எப்படி வென்றார் என்று மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அதுதான் கவலை.

வியட்நாம் போர் பிழை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மனச்சாட்சிப்படி படைச்சேவையை மறுப்பவர் மூன்று விடயங்களைக் காட்ட வேண்டும். எந்தப் போரையும் எதிர்க்கிறார், அந்த எதிர்ப்பு மத நம்பிக்கையில் இருந்து வருகிறது, அதை உண்மையாகவே சொல்கிறார். மூன்றிலும் அலி தேறவில்லை என்று நீதித் திணைக்களம், படைக்கு ஆள் சேர்ப்பது பற்றிய மேன்முறையீட்டுச் சபைக்கு எழுதியது. சபையும் மறுத்துவிட்டது, ஏன் என்று ஒரு வரிகூட எழுதாமல். வழக்கு உயர் நீதிமன்றம் போனபோது, கடைசி இரண்டிலும் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. அப்படியென்றால் சபை எதை வைத்து மறுத்தது? யாருக்கும் தெரியாது. பிழையான காரணமாகவும் இருக்கலாம். அதனால் 1971 ஜூன் 28இல் எட்டு நீதிபதிகளும் ஒரே முடிவாகத் தண்டனையை ரத்துச் செய்தார்கள்.

அதற்கு முந்திய வருடம் நடந்த நியூயோர்க் வழக்கு எனக்கு இன்னும் பிடிக்கும். தண்டனை பெற்றவர் என்று சொல்லி அங்குள்ள விளையாட்டு ஆணைக்குழு அலிக்குக் குத்துச்சண்டை அனுமதிப்பத்திரம் கொடுக்கவில்லை. அவருடைய சட்டத்தரணிகள் ஆணைக்குழுவின் பழைய பதிவேடுகளைக் கிளறினார்கள். கொலை, கொள்ளை, படையை விட்டு ஓடியது என்று தண்டனை பெற்றவர்களுக்கு 200க்கும் மேற்பட்ட தடவை அதே ஆணைக்குழு அனுமதி கொடுத்திருந்தது. நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் அனுமதி கொடுக்கச் சொன்னார். பொறுமையாகக் கோப்புப் பார்த்தவர்களின் வெற்றி அது.

ஆனாலும் 25 வயதில் இருந்து 28 வரை மேடை ஏறாமல் போன காலத்தை எந்த நீதிமன்றமும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதையும் பிள்ளைகளுக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

சரி, நமக்கு இதனால் என்ன? கவுண்டரில் இருப்பவர் "உங்களுக்குக் கிடைக்காது, போங்கோ" என்றதும் தலையாட்டிவிட்டு பஸ் ஏறும் பிள்ளைகள் எத்தனை பேர்! கையில் ஒரு துண்டுக் கடிதமும் இருக்காது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. உங்களைப் பாதிக்கும் முடிவை எடுத்த அரச அதிகாரியிடம் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், கேட்டால் அவர் கொடுத்தாக வேண்டும். தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். சமத்துவ உரிமை மீறப்பட்டிருந்தால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அதனால் மறுத்த அன்றே கேளுங்கள், திகதி போட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கடையில் சட்டம் படிக்கும் தம்பி தங்கச்சிமாரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் உயர்தர மாணவர்களுக்கு இந்தக் கடிதம் எழுதப் பழக்குவீர்களா? வெள்ளவத்தையில் இடம் பார்த்துத் தருவது என் பொறுப்பு.