பதிவுக் கட்டணம் கட்டினால் மானியமா?

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலைய, முன்பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. வெளிநாட்டுத் தூதரகம் ஒன்று விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் 5 இலட்சம் ரூபாய் தருகிறதாம், தனிநபரும் கேட்கலாமாம், முதலில் 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் போட வேண்டுமாம். இது பொய்.

தூதரக மானியங்கள் இப்படிக் கிடைப்பதில்லை. ஜப்பான் 1989இல் தொடங்கிய அடிமட்ட மானியத் திட்டத்தையே பாருங்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றலுக்கும் உதவியது அதுதான். தனிநபருக்கோ இலாப நோக்குள்ள நிறுவனத்துக்கோ அதில் இடமில்லை. அமைப்பின் யாப்பு, கணக்கறிக்கை, பொருள்களுக்கு மூன்று கடைகளின் விலைக்கோரல் எல்லாம் கேட்பார்கள். கட்டடமும் தளபாடமும் கேட்கலாம், ஆசிரியர் சம்பளம் கேட்க முடியாது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

செய்தியில் உள்ள கணக்கிலக்கம் யாரோ ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கு. ‘யாழ்பாணம்’ என்று ப் இல்லாமல் வேறு எழுதியிருக்கிறார்கள்!

காசு போட்டுவிட்டீர்களா? சரி, பற்றுச்சீட்டை எறியாமல் உடனே வங்கிக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். செய்தியை அனுப்பிய குழுவிலேயே இதையும் போட்டுவிடுங்கள்.