377 போய்விட்டது, 46(ஏ) அப்படியே இருக்கிறது

ஒரே பாலினத்தைச் சேர்ந்த வயது வந்த இருவர் சம்மதித்து உறவு கொள்வது குற்றமல்ல என்று, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு பற்றிய வழக்கில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நான்கே மாதத்தில், 2019 ஜனவரியில், அன்றைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத் இதை ராணுவத்துக்குள் அனுமதிக்க மாட்டோம் என்றார். அப்படிச் சொல்ல அவர் கையில் ஒரு சட்டம் இருந்தது.

1950 ராணுவச் சட்டம், பிரிவு 46(ஏ). கொடூரமான, ஆபாசமான அல்லது இயற்கைக்கு மாறான இழிநடத்தைக்கு ஏழு ஆண்டு வரை சிறை. எது இயற்கைக்கு மாறானது என்ற விளக்கம் அந்தச் சட்டத்தில் எங்குமே இல்லை. சம்மதம் இருந்ததா என்ற கேள்வியும் இல்லை. அதிகாரி என்றால் கூடவே பிரிவு 45, பதவிக்குத் தகாத நடத்தை.

சிப்பாயின் நிலை இன்னும் மோசம். அவருடைய கமாண்டிங் ஆபீசரே சம்மரி கோர்ட் மார்ஷல், அதாவது யூனிட்டுக்குள்ளேயே சுருக்கமான ராணுவ விசாரணை, நடத்தலாம். தீர்ப்பு அந்த ஒருவர் கையில்தான். உடன் உட்காரும் இருவருக்கு ஓட்டு கிடையாது. சிப்பாய்க்குத் துணையாக ஒருவர் வரலாம். ஆனால் வக்கீலாகவே இருந்தாலும் அவர் யோசனை சொல்லலாம், கேள்வி எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். எழுந்து குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேல் உள்ளவர் நடத்தினால் ஓராண்டு சிறையும் டிஸ்மிஸும் கொடுக்க முடியும். டிஸ்மிஸ் ஆனவருக்கு அதுவரை செய்த சேவைக்கான பென்ஷன், கிராஜுட்டி பொதுவாகக் கிடையாது. அப்பீலுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலும் அமர்வு உண்டு. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் யூனிட்டுக்கும் ஊருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

பெரும்பாலோர் கவனிக்காத இன்னொன்று. 2024 ஜூலை 1-இல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, சம்மதமில்லாத உறவைத் தண்டிக்க அதுவரை மிஞ்சியிருந்த 377-உம் முழுவதுமாகக் காணாமல் போனது. புதிய சட்டத்தில் பாலியல் வன்புணர்வு என்பது பெண்ணுக்கு எதிரான குற்றம் மட்டுமே. ஓர் ஆண் சிப்பாயை மேலதிகாரி பலவந்தப்படுத்தினால், அதைப் பாலியல் குற்றமாகவே விசாரிக்க ராணுவத்துக்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான பிரிவு இதே 46(ஏ). பலாத்காரத்துக்கும் காதலுக்கும் ஒரே பிரிவு என்றால், பாதிக்கப்பட்டவர் எந்தத் தைரியத்தில் புகார் கொடுப்பார்? சம்மதித்துத்தானே நடந்தது என்று எதிராளி சொன்னால், புகார் கொடுத்தவரும் அதே பிரிவில் மாட்டுவார். ஒழுங்கைக் காப்பாற்றும் சட்டம் என்று இதைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அரசியலமைப்பின் 33-ஆவது பிரிவு படையினரின் உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் கடமையும் கட்டுப்பாடும் நிலைக்கத் தேவையான அளவுக்குத்தான் அந்த அதிகாரம். விடுப்பில் தன் துணையோடு இருக்கும் ஒருவரால் எந்தக் கட்டுப்பாடு குலைகிறது?

பிரிட்டனும் கட்டுப்பாடு குலையும் என்ற இதே வாதத்தைச் சொல்லித்தான் ஒருபால் உறவினரை ராணுவத்திலிருந்து வெளியேற்றியது. 1999-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தோற்று, 2000 ஜனவரி 12 அன்று தடையை நீக்கியது. 2023-இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அப்போது வெளியேற்றப்பட்டவர்களுக்கு இன்று தலைக்கு 50,000 பவுண்ட் இழப்பீடு. பிரிட்டிஷ் ராணுவம் ஒன்றும் கலைந்துபோகவில்லை.

46(ஏ)-வை ஒட்டுமொத்தமாக நீக்கச் சொல்லவில்லை. கொடூரமும் ஆபாசமும் இருக்கட்டும். மூன்றாவதான ‘இயற்கைக்கு மாறான’ என்பதை எடுத்துவிட்டு, சம்மதம் இல்லாத உறவும் பதவியைக் காட்டி மிரட்டிப் பெறும் உறவும் குற்றம் என்று தெளிவாக எழுத வேண்டும். விமானப்படைச் சட்டத்திலும் இதே எண்ணில் இதே பிரிவு இருக்கிறது, அதையும் சேர்த்துத் திருத்த வேண்டும். அதுவரை 46(ஏ) வழக்கு எதையும் சம்மரி கோர்ட் மார்ஷலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தலைமையகம் ஓர் உத்தரவு போடலாம். அதற்கு நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லை.