ஆர்ஜினைன் பொடி அடைப்பைக் கரைக்காது

"ஹார்ட் அட்டாக் வந்தவங்க எல்-ஆர்ஜினைன் பொடி தினம் மூணு ஸ்பூன் குடிச்சா அடைப்பு கரைஞ்சிடும், மாத்திரையே வேணாம்" என்று மேலே ஒருத்தர் எழுதியிருக்கிறார். அண்ணே, தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள். நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

ஆர்ஜினைன் என்பது புரதத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம். அதிலிருந்து ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது, அது குழாயைத் தளர்த்துகிறது. அதுவரை சரி. ஆனால் குழாய் தளர்வது வேறு, கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்த அடைப்பு கரைவது வேறு. விழுங்கும் பொடியிலும் ஒரு பெரும் பங்கைக் குடலும் கல்லீரலும் முதலிலேயே சிதைத்துவிடும். ரத்த அழுத்தம் சிலருக்குக் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

மாரடைப்பு வந்தவர்களிடமே இதைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006-ல் வெளியானது. 153 பேர், இலக்கு அளவு 3 கிராம் வீதம் தினம் மூன்று வேளை. இதயம் வலுப்படவில்லை. ஆர்ஜினைன் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மருந்து எடுத்தவர்களில் ஒருவர்கூட இல்லை. ஆட்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நெஞ்சுவலிக்கு ரத்தக்குழாயைத் தளர்த்தும் சார்பிட்ரேட் மாத்திரை போடுகிறவர் இதையும் சேர்த்தால் பிரஷர் சட்டென்று விழுந்து மயக்கம் வரலாம். ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்கள் டப்பாவையும் மாத்திரைச் சீட்டையும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இதயப் பிரிவு ஓ.பி.யில் (புறநோயாளிகள் பிரிவில்) காட்டிக் கேளுங்கள். நெஞ்சு வலித்தால் பொடியைக் கலக்கிக்கொண்டு இருக்காமல் உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.